தறிக்கு இடமில்லாத வீடு

சின்னாளபட்டியின் நெசவாளர் தெருக்களில் வீடு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. வாசலைத் தாண்டினால் கூடம், கூடத்தில் குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி அழுத்தியபடி நெய்பவர் உட்கார்ந்திருப்பார். சுவரோரம் ராட்டையை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியம்மாவோ பள்ளி விட்டு வந்த மகளோ தார் சுற்றுவார். மேலே பரணில் பாத்திரமும் நூல் கட்டும் பிள்ளைகளின் பழைய புத்தகங்களும் சேர்ந்தே கிடக்கும். மண் தரை என்றால் குழிக்குள் ஈரம் நிற்கும். காய்ந்த காற்றில் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பது நெசவு தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பாவு நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்ற வேண்டுமென்றால் வீடு போதாது. நேரான, நீளமான, கொஞ்சம் நிழலுள்ள தெரு வேண்டும். ஒரு நெசவாளிக்கு வீடு என்பது அந்தத் தெருவும் சேர்ந்ததுதான்.

இந்தக் குடும்பம் அரசின் வீட்டுத் திட்டத்தில் பயனாளியானால் என்ன கிடைக்கும்? சின்னாளபட்டி பேரூராட்சி என்பதால் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் பொருந்தும். 2015இல் அது தொடங்கியபோது நலிந்த பிரிவினருக்கான வீட்டின் அளவு 30 சதுர மீட்டர் வரை என்று இருந்தது. மத்திய அரசின் மானியம் 1.5 லட்சம் ரூபாய். பேரூராட்சி எல்லையைத் தாண்டி ஓர் ஊராட்சிக்குள் போனால் அது கிராமப்புறத் திட்டம். அங்கே குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். 2016இல் திட்டம் தொடங்கியபோது சமவெளிப் பகுதிக்கு நிர்ணயித்த தொகை 1.2 லட்சம். 25 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 269 சதுர அடி. சமையலுக்கான இடமும் அதற்குள் அடக்கம். ஐந்து பேர் படுக்க வேண்டும், அரிசி மூட்டையும் பீரோவும் நிற்க வேண்டும், பிள்ளை உட்கார்ந்து எழுத ஒரு மூலை வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு தறியை எங்கே இறக்குவது?

இந்தக் கேள்வியைத் திட்ட ஆவணங்கள் கேட்பதில்லை. நகரங்களைப் பற்றிய சமூகக் கோட்பாடுகள் கேட்கின்றன. வீடு எத்தனை சதுர அடி என்பதோடு, அது யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது, வேலையிலிருந்து எவ்வளவு தூரம், அதை யார் தீர்மானித்தார்கள் என்பதையும் கேட்கச் சொல்லிக்கொடுத்தவை அவை. அந்தக் கேள்விகளை வைத்து, நம் மக்கள் ‘தொகுப்பு வீடு’ என்று சொல்லும் அரசு வீட்டை எடைபோட வேண்டும். அதற்குத் திண்டுக்கல் – மதுரை நெடுஞ்சாலையோரம் சின்னாளபட்டியும் காந்திகிராமமும் அடுத்தடுத்து இருக்கும் இந்தச் சிறு பரப்பைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று தானாக வளர்ந்த தொழிலூர். மற்றொன்று ஒரு கோட்பாட்டை மண்ணில் நட்டுப் பார்த்த இடம்.

முதலில் தொகுப்பு வீட்டின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் கூரை வீட்டில் வாழ்ந்து பார்க்காதவர்கள். ஓலைக் கூரை சித்திரையில் ஒரு பொறியில் போகும், ஐப்பசியில் ஒழுகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கும் ஒரு மாநிலத்தில், எரியாத கூரை என்பது வசதி பற்றிய பேச்சோடு நிற்பதில்லை. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளை இலக்காக வைத்தது. 2011இல் ஆட்சி மாறியதும் 300 சதுர அடியில் சூரிய ஒளி விளக்குகளுடன் பசுமை வீடுகள் வந்தன. 2024இல் 360 சதுர அடியில் கலைஞரின் கனவு இல்லம். பெயரும் படமும் மாறினாலும் வேலை நிற்கவில்லை. பெண்ணின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ வீடு ஒதுக்கப்படுவது இன்னொரு பலன். அடித்துத் துரத்தினால் போக இடமில்லை என்றிருந்த பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கதவு எண் இருப்பதன் பலத்தை அவளைக் கேட்டால்தான் தெரியும். யாருடைய அனுமதியும் இல்லாமல் காரை வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற நிலை வருவதற்கே பல சேரிகள் தலைமுறைக் கணக்கில் காத்திருந்தன.

இத்தனைக்குப் பிறகும் குறை எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் கோட்பாடு தேவைப்படுகிறது.

நகரச் சமூகவியல் பிறந்ததே ஒரு கவலையிலிருந்துதான். ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் டென்னிஸ் 1887இல், உறவால் கட்டிய ஊரையும் ஒப்பந்தத்தால் கட்டிய சமூகத்தையும் எதிரெதிரே வைத்தார். கியோர்க் ஸிம்மல் 1903இல் பெருநகரம் மனித மனத்தை எப்படி மரத்துப்போகச் செய்கிறது என்று எழுதினார். சிகாகோவில் லூயிஸ் வர்த் 1938இல் மக்கள்தொகை, நெருக்கம், பலவகை மக்கள் கலந்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து நகர வாழ்க்கையை உருவாக்குகின்றன என்றார். மூவரும் நகரத்தின் சுதந்திரத்தையும் கண்டவர்கள்தான். ஆனாலும் இந்தச் சிந்தனை மரபு முழுவதிலும் கிராமத்தில் இருந்த ஒன்று நகரத்தில் தொலைந்துவிட்டது என்ற ஏக்கம் ஓடுகிறது. 1945 அக்டோபரில் காந்தி நேருவுக்கு எழுதிய கடிதத்தில், மக்கள் வாழ வேண்டியது கிராமங்களில், குடிசைகளில்தான் என்று வாதிட்டபோது அவரிடமும் இதே நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கையின் தமிழ் வடிவம் காந்திகிராமம். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் இதைத் தொடங்கினார்கள். அவர்கள் திருமணமே சாதியையும் விதவை என்ற முத்திரையையும் தாண்டி நடந்தது. சின்னாளபட்டியில் ஒரு சிறு மகப்பேறு மருத்துவமனை, ஆதரவற்ற குழந்தைகளுக்குச் சௌபாக்கியா இல்லம், கதர், சித்த மருந்து தயாரிப்பு, ஆதாரக் கல்வி, 1956இல் கிராமிய நிறுவனம், 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று வளர்ந்தது. குடியிருப்பு என்ற கோணத்தில் பார்த்தால் காந்திகிராமத்தின் சாதனை தெளிவானது. வேலை, பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். இன்று எந்தப் பெருநகரத் திட்டமிடலாளரும் கனவு காண்பது இதைத்தான். வீட்டிலிருந்து வேலைக்கு இரண்டு பேருந்து மாறிப் போகும் வாழ்க்கையை வளர்ச்சி என்று நம்பிய காலத்தில், அப்படி வேண்டியதில்லை என்று கட்டிக் காட்டினார்கள்.

காந்திகிராமம் தொடங்கிப் பதின்மூன்று மாதம் கழித்து, 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எழுந்து கிராமத்தைப் பற்றிய இந்தப் பெருமிதத்தை மறுத்தார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்பது அவர் வாதம். கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான உறவே வருணாசிரமத்தைப் போன்றது, இந்த வேற்றுமையே ஒழிய வேண்டும் என்று பெரியாரும் பேசிவந்தார். மேலை நாட்டுச் சமூகவியல் கிராமத்தில் தேடிய ‘சமூகம்’ இங்கே தெருவாரியாகப் பிரிந்து கிடந்தது. தஞ்சை மாவட்டத்தில் ஆய்வு செய்து ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட நூல், அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று ஊர் வரைபடமே சாதி வரைபடமாக இருப்பதை விரிவாகக் காட்டியது.

காந்திகிராமத்தின் வரம்பும் இங்கேதான். வளாகத்துக்குள் சாதி பாராத ஒரு சமூகத்தை அமைக்க அவர்கள் உண்மையாக உழைத்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. சுற்றியுள்ள ஊர்களில் சுகாதாரமும் கல்வியும் கைத்தொழிலும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் அந்த ஊர்களின் தெரு அமைப்பு, யார் எங்கே மனை வாங்கலாம் என்பது, கை வைக்கப்படாமல் இருந்தது. புதிய சமூகம் புதிய நிலத்தில் எழுந்தது. பழைய ஊர் பழைய இடத்திலேயே இருந்தது.

இந்த முறைதான் அடுத்த எழுபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் எல்லா நல்ல வீட்டுத் திட்டங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல எண்ணத்தை ஊருக்கு வெளியே கட்டுகிறோம். ஊருக்குள் கட்டுவதில்லை.

சமத்துவபுரத்தை எடுத்துக்கொள்வோம். உலகில் வேறெங்கும் ஓர் அரசு இவ்வளவு வெளிப்படையாக ஒரு சமூகக் கோட்பாட்டை வீட்டுத் திட்டமாக மாற்றியதாக நான் அறியவில்லை. 1997இல் அறிவிக்கப்பட்டு, 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. 100 வீடு, ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. கலந்தே ஒதுக்கீடு, ஒரே மயானம். தமிழ்நாட்டில் அக்கம்பக்கத்தில் யார் என்பதைக் கணக்கில் எடுத்த திட்டம் இதுதான். மற்ற எல்லாத் திட்டங்களும் பயனாளி யார் என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டன. இது பயனாளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேட்டது. அந்தக் கேள்விக்காகவே இதை நான் மதிக்கிறேன்.

ஆனால் பக்கத்தில் வைத்தால் மட்டும் மனம் மாறுமா? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் இதை ஆராய்ந்து நான்கு நிபந்தனைகள் சொன்னார். பழகும் இரு தரப்புக்கும் சம அந்தஸ்து வேண்டும். பொதுவான இலக்கு வேண்டும். கூடி உழைக்கும் வேலை வேண்டும். அதிகாரத்தின் ஆதரவு வேண்டும். சமத்துவபுரம் ஒரே அளவு வீட்டைக் கொடுத்து முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தது. நான்காவதை ஓர் ஆட்சி கொடுத்தது, அடுத்த ஆட்சி கவனிக்காமல் விட்டது. நடுவில் உள்ள இரண்டும், பொது இலக்கும் கூட்டு உழைப்பும், திட்டத்திலேயே இல்லை. காலையில் எழுந்து ஒவ்வொருவரும் தத்தம் பழைய ஊருக்கு, பழைய முதலாளியிடம், பழைய தறிக்கு, பழைய காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நூறு குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ சந்தைக்கோ போதாது. பூட்டிக் கிடக்கும் வீடுகளும், வாடகைக்கு விடப்பட்ட வீடுகளும் பல சமத்துவபுரங்களில் பார்க்கக் கிடைப்பதற்கு மனிதர்களின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழைப்பு இல்லாத இடத்தில் வீடு நிற்காது.

இதற்கு ஒரு மாற்றும் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமி, சமத்துவபுரத்தை இரட்டை வீடுகளாகக் கட்டினார். ஒரு சுவரின் இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். உள்ளூர்ப் பொருட்களையும் உள்ளூர் ஆட்களின் உழைப்பையும் பயன்படுத்தினார். கட்டும்போதே கூடி வேலை செய்தவர்கள் குடிபோன பிறகு பேசாமல் இருக்க முடியாது. ஆல்போர்ட்டின் மூன்றாவது நிபந்தனை அங்கே செங்கல் அறுக்கும் களத்தில் நிறைவேறியது. ஒப்பந்தக்காரரிடம் வேலையைக் கொடுத்துத் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த இடங்களில் அது நிறைவேறவில்லை.

ஏன் எல்லாமே ஊருக்கு வெளியே என்று கேட்டால் பதில் நிலத்தில் இருக்கிறது. எர்னெஸ்ட் பர்ஜெஸ் 1925இல் சிகாகோ நகரத்தை வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார். மையத்தில் வணிகம், அதைச் சுற்றி ஏழைகள், வசதி கூடக்கூட வெளி வட்டத்துக்கு நகர்வார்கள் என்பது அவர் படம். அதைத் திண்டுக்கல் சமவெளி மேல் வைத்தால் பொருந்தாது. இங்கே கோயிலையும் கடைவீதியையும் சுற்றி வசதியானவர்கள், விளிம்பில் ஏழைகள். அந்த விளிம்பையும் வாடகை மட்டும் தீர்மானிக்கவில்லை. பணம் இருந்தாலும் ஊர்த் தெருவில் மனை கிடைக்காது என்பது சாதியின் நிலச் சந்தை. 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அரிசன நலத் திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டுமனைக்காக நிலம் எடுப்பதை அது எளிதாக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு மனை கிடைத்தது. அதே நேரத்தில், எடுக்கச் சுலபமான நிலம் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சேரியை ஒட்டியோ ஊருக்கு இன்னும் வெளியிலோதான் இருந்தது. மனை கொடுத்த சட்டமே பிரிவினையைப் பட்டாவில் எழுதிக் கொடுத்தது. நோக்கத்தில் குற்றமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காததன் விளைவு இது.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே நத்தம் சாலைப் பக்கம் தோட்டனூத்து. 2022 செப்டம்பரில் அங்கே முகாமில் இருந்த இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்காக 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. பல ஆண்டுகளாகத் தகரமும் ஆஸ்பெஸ்டாசும் போட்ட ஒற்றை அறைகளில் வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. முகாம் வரிசைகளின் உள்ளே ஒருமுறை போய் வந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆன்ரி லெஃபெவ்ர் 1968இல் ‘நகரத்தின் மீதான உரிமை’ என்று ஒரு கருத்தை முன்வைத்தார். நகரத்தில் வாழ்பவர் அனைவருக்கும் அதை உருவாக்குவதில் பங்கு உண்டு, அந்தப் பங்கு வாழ்வதிலிருந்தே வருகிறது என்பது அதன் சாரம். அதை வைத்துப் பார்த்தால் தோட்டனூத்தின் குறை வீட்டின் சுவரில் இல்லை. அங்கே பிறந்து, அங்கே படித்து, திண்டுக்கல்லில் பெயிண்ட் அடித்து, கல்யாணம் முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. கிராம சபையில் கை தூக்கவோ, தெருவுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று வாக்கை வைத்துக் கேட்கவோ அவர்களால் முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையை விட்டுவிட்டது. அரசு கொடுத்த வீட்டில் விருந்தாளியாகவே ஒரு தலைமுறை மூப்படைகிறது.

வீடு யார் கையில் என்ற கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டவர் ஜான் டர்னர் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர். 1950களின் பிற்பகுதியிலிருந்து பெரு நாட்டில், ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்புகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். வீட்டின் மதிப்பு அது எப்படி இருக்கிறது என்பதில் இல்லை, குடியிருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது என்று அவர் 1976இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நம் கிராமப்புறத் திட்டம் ஒரு வகையில் டர்னர் வழிதான். ஒப்பந்தக்காரர் இல்லை, பயனாளியே கட்டிக்கொள்கிறார். ஆனால் பணம் வருவது அடித்தளம், லிண்டல், கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துப் படம் எடுத்து ஏற்றிய பிறகே அடுத்த தவணை. முதல் கட்டத்தை முடிக்கப் பணம் யார் கொடுப்பது? தாலிச் செயின் அடகுக்குப் போகிறது. தவணை தாமதமானால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகள், மேலே கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்க, எந்த ஊராட்சியிலும் ஒன்றிரண்டு இருக்கும். சுமையெல்லாம் டர்னர் சொன்னபடி குடியிருப்பவர் தலையில். தீர்மானிக்கும் உரிமை மட்டும் அலுவலகத்தில்.

இந்த விஷயத்தில் கலைஞரின் கனவு இல்லம் ஒரு சிறு முன்னேற்றத்தைக் காட்டுகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையை வீட்டுக்காரர் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். ஓர் அரசு வரைபடத்தில் குடியிருப்பவரின் விருப்பத்துக்கு அளந்து விடப்பட்ட அந்த 60 சதுர அடியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதுதான் மக்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. தொகுப்பு வீட்டைப் பெற்றவர்கள் முதல் மழைக்கு முன்பே முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி, பின்னால் விறகடுப்புக்கு ஒரு மறைப்பு கட்டி, ஆட்டுக்கு ஒரு பட்டி போட்டுவிடுவார்கள். வரைபடம் மறந்ததை அவர்கள் கைகள் நினைவில் வைத்திருந்தன. அந்த 60 சதுர அடி 120 ஆனால் ஒரு தறிக்கு இடம் கிடைக்கும்.

நெசவாளருக்குத் தறிக்கூடத்துடன் வீடு என்ற யோசனை புதிதல்ல. 1980களிலேயே மத்திய அரசு அப்படி ஒரு திட்டத்தை வைத்திருந்தது. ஆனால் அது கைத்தறித் துறையின் திட்டமாகத் தனியே ஓடியது, வீட்டுத் திட்டத்துக்குள் வந்து சேரவில்லை. இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் இருந்தது; 2023இல் அது 300 ஆனது. வீட்டுக்குள்தான் தறி இருக்கிறது, வீடுதான் தொழிற்கூடம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் அந்தச் சலுகை கணக்கிடப்படுகிறது. அதே அரசின் வீட்டு வரைபடத்தில் அந்தத் தறி இல்லை. அடுக்குமாடி என்றால் நிலைமை இன்னும் மோசம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியதிலிருந்து சென்னையில் பழகிய அடுக்குமாடி முறை மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்துவிட்டது. இரண்டாம் மாடியில் குழித்தறி தோண்ட முடியாது. ஆடு வளர்க்க முடியாது, அப்பளம் காயப்போட முடியாது, தள்ளுவண்டியை நிறுத்த முடியாது. குடிசைவாசிகளை மாற்றிக் குடியேற்ற 2000இல் தொடங்கிய கண்ணகி நகரில் என்ன நடந்தது என்பதைச் சென்னை நமக்குக் காட்டிவிட்டது. வேலை நகர மையத்தில், வீடு பல மைல் தள்ளி. அதைத் திண்டுக்கல்லில் மறுபடி நடத்திப் பார்க்க வேண்டியதில்லை.

நகரம், கிராமம் என்ற கோடே இங்கே தடுமாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நகர மக்கள் 48.4 விழுக்காடு. 561 பேரூராட்சிகளை 2004இல் ஒரே ஆணையில் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் திரும்பவும் பேரூராட்சிகளாக்கினார்கள். அந்த ஊர்களில் ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு பழக்கம்கூட இடையில் மாறவில்லை. கிடைக்கும் திட்டம் மட்டும் மாறியது. வர்த்தின் கோட்பாட்டைப் பாடப்புத்தகத்தில் விமர்சிக்கிறோம். அதே கோட்டை வைத்து ஒரு குடும்பத்துக்கு எத்தனை சதுர மீட்டர் என்று தீர்மானிக்கிறோம்.

அப்படியானால் இந்த மண்ணுக்குப் பொருந்தும் கோட்பாடு எது? எனக்குத் தெரிந்தவரை பேட்ரிக் கெடிஸ் சொன்னதுதான் மிக அருகில் வருகிறது. உயிரியல் படித்துவிட்டு நகரத் திட்டமிடலுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1914இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் தஞ்சாவூரும் அவற்றில் உண்டு. இடம், தொழில், மக்கள் மூன்றையும் ஒன்றாகப் பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்பது அவர் முறை. பழைய தெருக்களை இடித்து நேர்ச்சாலை போடும் பொறியாளர்களின் திட்டங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். முதலில் தெருவில் நட, வீடு வீடாகப் பார், பாழடைந்த ஒரு வீட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு முற்றமும் மரமும் வை, மீதியைச் செப்பனிடு என்றார். நோயாளியைக் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் கத்தி வைக்கும் அறுவைசிகிச்சை என்று அதை அவர் கருதினார்.

கெடிஸிடமும் குறை உண்டு. தெருவின் ஒழுங்கை ரசித்த அவர், அந்த ஒழுங்கைக் காத்துவந்த சாதியை அம்பேத்கரின் கண்ணால் பார்க்கவில்லை. இருக்கும் ஊரை அப்படியே பேணுவது என்றால் இருக்கும் பிரிவினையையும் பேணுவதாகிவிடும். அதனால் கெடிஸின் முறையும் அம்பேத்கரின் கேள்வியும் சேர்ந்துதான் இங்கே பயன்படும். ஊருக்குள் தெருவைச் செப்பனிட வேண்டும். காலியாகக் கிடக்கும் ஊர் மனைகளை அரசு விலைக்கு வாங்கி, இதுவரை அங்கே இடம் மறுக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். திண்டுக்கல்லுக்கோ சென்னைக்கோ குடிபெயர்ந்தவர்கள் பூட்டிப்போட்ட வீடுகளும் இடிந்த குட்டிச்சுவர்களும் இல்லாத ஊர்த் தெரு இந்த மாவட்டத்தில் குறைவு. ஊருக்கு வெளியே 100 வீடுகளுடன் ஒரு புது நகர் அமைக்கும் செலவில், பத்து ஊர்களின் நடுத்தெருவில் பத்துப் பத்து வீடுகளை வாங்கிச் செப்பனிட முடியுமா என்று கணக்கிட்டுப் பார்த்திருக்கிறோமா? எதிர்ப்பு வரும். சமத்துவபுரத்துக்கு வராத எதிர்ப்பு இதற்கு வரும். ஆனால் சமத்துவபுரம் தொடாத இடம் இதுதான்.

இந்த வேலையைத் தொடங்கத் தேவையான ஆட்கள் நெடுஞ்சாலையோரத்திலேயே இருக்கிறார்கள். காந்திகிராமப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்களில் போய்த் தங்கி, மக்களோடு உட்கார்ந்து ஊர் வரைபடம் வரைவது பாடத்திட்டத்திலேயே உள்ள வழக்கம். குளம், கிணறு, பள்ளி, ரேஷன் கடை எல்லாம் அதில் வரும். அந்த வரைபடத்தில் இன்னும் மூன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த வீட்டுக்குள் என்ன தொழில் நடக்கிறது, எந்த மனை காலியாக இருக்கிறது, அந்த மனையை யாருக்கு விற்க மாட்டோம் என்று ஊர் சொல்கிறது. வீட்டுப் பயனாளிகளின் பட்டியலை வாசிக்கும் கிராம சபையில் அந்த வரைபடத்தையும் விரித்து வையுங்கள். சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் தெருவையும், பக்கத்து ஊராட்சி ஒன்றில் ஓர் ஊர்த் தெருவையும் எடுத்து, வரும் கல்வியாண்டிலேயே இதைச் செய்து பார்க்கும்படி பல்கலைக்கழகத்தையும் மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.